தூங்காத பூதத்துக்கு ஒரு பாட்டு

வின்சியின் கதையில் பூதம் வந்து சேர்ந்துவிட்டது. சிக்கலும் கூடவே வந்துவிட்டது.

அந்தப் பூதம் மலைக் குகையின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குகைக்குள்ளே மழையைத் திறக்கும் சாவி இருந்தது. நட்சத்திரா என்ற சிறுமி அதை எடுத்து வர வேண்டும். எப்படி எடுப்பாள் என்பது, கதை எழுதும் வின்சிக்கே தெரியவில்லை. நாளைக்குக் காலையில் ஆறாம் வகுப்பு முழுவதும் கேட்க அவள் கதையை வாசிக்க வேண்டும்.

அன்று பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். அம்மா தன் பழைய போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“பாட்டுப் போட்டா கதை தானா வரும்” என்றாள் வின்சி.

“அப்ப நான் பாட்டுப் போடறேன், நீ எழுது” என்றான் தம்பி ஜோஸ்வின். அவனுக்கு ஏழு வயது. போனைத் தொடுவதற்கு எந்த வேலை என்றாலும் செய்வான்.

மத்திகிரியில் அவர்கள் இருந்தது ஒரே வரிசையில் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் மூக்கைத் துடைப்பார்கள். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள், கதவுக் கொண்டியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைப்பார்கள். ரிப்பன் இருந்தால் அந்தப் பக்கம் பந்து கூடாது, பாட்டு கூடாது.

பக்கத்து வீட்டு மாதேஸ்வரி அக்காவின் கதவில் ரிப்பன் தொங்கியது. ஆனால் அக்காவுக்கு நைட் ஷிஃப்ட் போன வாரம்தானே? வாரம் மாறியதும் ரிப்பனை அவிழ்க்க மறப்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் உள்ள வியாதி. அக்காவும் மறந்திருப்பார் என்று வின்சி நினைத்துக்கொண்டாள்.

ஜோஸ்வின் முதலில் திருவிழா மேளத்தைப் போட்டான். நட்சத்திரா வாளைக் கீழே போட்டுவிட்டு ஆடத் தொடங்கினாள். பூதமும் சேர்ந்து ஆடியது.

“வேற போடு!”

அடுத்து ஒரு கன்னடச் சண்டைப் பாட்டு. சண்டை அட்டகாசமாக வந்தது. ஆனால் எப்படி எழுதினாலும் பூதமே ஜெயித்தது.

“வேற!”

அடுத்து ஒரு சினிமாப் பாட்டு. அதில் வந்த வார்த்தைகள் கதைக்குள் புகுந்துவிட்டன. பூதம் நட்சத்திராவைப் பார்த்து, “கண்மணியே!” என்றது. வின்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில், அம்மா பதிவு செய்து வைத்திருந்த மாதா கோயில் பாடகர் குழுவின் கீபோர்டு பயிற்சி. பாட்டே இல்லை, வாசிப்பு மட்டும். மெதுவாக, நிற்காமல் ஓடியது. அதைக் கேட்டதும் பூதம் கொட்டாவி விட்டது.

“ஐயோ, இது சரிப்படாது” என்று வின்சியே அதை நிறுத்தினாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் மாதேஸ்வரி அக்கா நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“ஏன் கண்ணு, ரிப்பனைப் பாக்கலையா?”

வின்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. இந்த வாரம் உங்களுக்குப் பகல்தானே?”

“இந்த வாரமும் நைட்டே போட்டுட்டாங்க. நேத்து மெஷின் லைன்ல வேலைல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். இன்னொரு தரம் தூங்கினா வேலைக்கே வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. ஒரு நாலு மணி நேரமாவது தூங்க விடு கண்ணு.”

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது வின்சிக்கு. போனை மேசைக்குள் வைத்து மூடினாள். ஜோஸ்வின் கால்விரல்களில் நடந்து காட்டினான்.

வீடு அமைதியாகிவிட்டது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி இல்லை. கட்டில் கிறீச்சிட்டது. குழாய் திறந்தது, மூடியது. அக்கா இருமினார். மறுபடியும் கட்டில் கிறீச்சிட்டது.

‘பாட்டு இல்லாமலும் தூக்கம் வரவில்லையே!’ வின்சி பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். மேளம் ஓடியபோது இருமல் கேட்கவில்லை. அதை நிறுத்தியதும் கேட்டது. சண்டைப் பாட்டு ஓடியபோது கட்டில் சத்தம் இல்லை. அதை நிறுத்தியதும் வந்தது.

அவள் மெதுவாகப் போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலருகே நின்றாள்.

“அக்கா, முழிச்சுத்தானே இருக்கீங்க? ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? பாட்டு ஓடறப்ப முழிச்சீங்களா, நின்னப்ப முழிச்சீங்களா?”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அக்கா சிரிப்பது கேட்டது.

“அட, ஆமா கண்ணு! நின்னப்பதான். எங்க ஊரு ஜவளகிரி. காட்டு ஓரம். ராகிக் கொல்லைக்கு யானை வராம இருக்க எங்கப்பா பரண்மேல ராத்திரி பூரா ரேடியோவப் பாட விடுவாரு. நான் பக்கத்துலயே தூங்குவேன். ரேடியோ நின்னுச்சுன்னா அவ்ளோதான், யானை வந்துடுச்சுன்னு எழுந்து உக்காந்துக்குவேன்!”

“அப்ப நிக்காத பாட்டு வேணும்” என்றாள் வின்சி.

“நெட்ல போட்டா நடுவுல சோப்பு விளம்பரம் வரும்” என்றான் பின்னால் நின்ற ஜோஸ்வின். “அம்மாவோட கீபோர்டுல வராது.”

வின்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பூதத்தைக் கொட்டாவி விடவைத்த வாசிப்பு!

போனைச் சார்ஜரில் மாட்டிச் சுவரோரம் வைத்தார்கள். முடிந்ததும் தானாகவே மறுபடி தொடங்கும்படி ஜோஸ்வின் எதையோ அழுத்தினான். சத்தத்தைக் குறைத்து, சுவரைத் தாண்டுகிற அளவுக்கு மட்டும் வைத்தார்கள். வின்சி அதன் பக்கத்திலேயே எழுத உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் பூதம் மறுபடியும் கொட்டாவி விட்டது. இந்த முறை வின்சி அதைத் தடுக்கவில்லை. பாவம், அதற்கு எத்தனை வருடத் தூக்கம் பாக்கியோ! குகைக் காவலில் மூன்று ஷிஃப்டையும் அது ஒன்றே அல்லவா பார்க்கிறது? மாற்றிவிட ஆளே இல்லை.

நட்சத்திரா வாளை உறைக்குள் வைத்தாள். “நீங்க தூங்குங்க. எழுந்திருக்கிற வரைக்கும் நான் காவல் பாத்துக்கறேன்” என்றாள். பிறகு புல்லாங்குழலை எடுத்து, நிறுத்தாமல் ஊதினாள்.

அந்த இடத்தை எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டை கேட்டது. ஜோஸ்வின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வின்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை பரபரவென்று எழுதியது. தூங்கி எழுந்த பூதம், தானே உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து நட்சத்திராவிடம் கொடுத்தது.

சாயங்காலம் தலைவாரிப் பூ வைத்து, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார் மாதேஸ்வரி அக்கா. கண்ணில் சிவப்பு போயிருந்தது. வின்சி அந்தக் கீபோர்டு வாசிப்பை அக்காவின் போனுக்கு அனுப்பினாள். கதையையும் வேகவேகமாக வாசித்துக் காட்டினாள்.

“உன் பூதம் எந்தக் கம்பெனி கண்ணு?” என்று கேட்டுவிட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பஸ் ஹாரன் அடித்தது. சிரித்துக்கொண்டே ஓடிப் போய் ஏறினார்.

வின்சி அந்தக் கதவில் தொங்கிய ரிப்பனைப் பார்த்தாள். கதையில் ஒன்று விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குள் ஓடி, கதையில் பூதம் தூங்கும் இடத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தாள்.

‘நட்சத்திரா குகை வாசலில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். அந்த வழியாக வந்த டிராகன்கள் எல்லாம் சிறகை மடக்கிக்கொண்டு, கால்விரல்களில் நடந்து போயின.’