மந்தையின் பார்வை

மானின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் கண்ணுக்குள் இருந்த கறுப்புக் கோடு மட்டும் சாயவில்லை.

துடைக்கும் துணியோடு ஸ்டூல் மேல் நின்றிருந்த அவள் முதலில் தன் பார்வையைத்தான் சந்தேகப்பட்டாள். திருகாணி தளர்ந்து, முறுக்குக் கொம்பின் பாரத்தில் தலை சரிந்திருந்தது; அதில் ஆச்சரியமில்லை. மானுக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் கண்ணின் பாவை நம்முடையதைப் போல வட்டமாக இருக்காது, படுத்த கோடாக இருக்கும்; தலை எப்படிக் குனிந்தாலும் அந்தக் கோடு தரைக்கு மட்டமாகவே நிற்கும், அதனால்தான் மேய்ந்துகொண்டே தூரத்தில் வருவதைப் பார்க்க முடிகிறது. ஆனால் அது உயிருள்ள மானுக்கு. இது ஃபைபரில் வார்த்து, முடி ஒட்டி, பிசின் கண்ணைப் பதித்த பொம்மை.

கண் அவளுக்குப் புதிதல்ல. நோயிலும் விபத்திலும் கண் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்வதுதான் அவள் வேலை. வெண்விழியின் மேல் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து நரம்பாக ஒட்டுவாள். தட்டு நிறையக் கண்கள் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, அவற்றின் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவள். அவள் செய்த எந்தக் கண்ணும் இதுவரை அவள் பக்கம் திரும்பியதில்லை.

தலையை நிமிர்த்தித் திருகாணியை முறுக்கினாள். கோடு அசையாமல் மட்டமாகவே நின்றது.

அலுவலகக் கூட்டத்தோடு ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்த கணவன், வந்த கையோடு வரவழைத்தவை இந்த நான்கு தலைகள்: முறுக்குக் கொம்பு மான், காட்டெருமை, வரிக்குதிரை, ஒரு சின்ன மான். தான் சுட்டவற்றின் நகல் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னான். கேமராவைத் தவிர அவன் எதையும் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். படுக்கையறைகளிலிருந்து ஹாலுக்கு வரும் நீண்ட நடைவழியைப் பார்த்தபடி அவற்றை ஹால் சுவரில் வரிசையாக மாட்டினான். நடைவழி விளக்கை அணைக்கவே விடவில்லை. சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எந்நேரமும் அந்த முகங்களைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தார்கள். தொப்பை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் எருமையின் மூக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்ப்பா, கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நின்னு பொண்டாட்டியைக் கூப்பிடுற ஆளு நீ. இதை நீயா சுட்ட? ஜீப்பை விட்டாவது இறங்குனியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்துவதற்குள் வெளியே வந்துவிட்டது.

"இறங்கினேன்," என்றான் அவன். அவன் குரல் அவ்வளவு தணிந்து அவள் கேட்டதில்லை. "இறங்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. இருட்டுற நேரம். இறங்கினேன்."

அவனே தொடர்ந்தான். "சிங்கம் பக்கத்துல இருக்கற வரைக்கும் மந்தை மேயாது. எல்லாம் ஒரே பக்கமா பாத்துட்டு நிக்கும். ஒண்ணைப் புடிச்சிருச்சுன்னு வெச்சுக்கோ, அவ்வளவுதான். மத்ததெல்லாம் தலையைக் குனிஞ்சு மேய ஆரம்பிச்சிடும். யாரோ ஒருத்தர் போயிட்டாப் போதும்."

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தினான். "சிரிச்சே இல்ல?" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த கை திருகியது. "பல்லைக் காட்டிச் சிரிச்சே."

மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அக்காவுக்கு மட்டும் போனில் சொன்னாள். "இனிமே என்னடி பேச்சு? போட்டது போட்டபடி கிளம்பி வா," என்றாள் அக்கா.

கிளம்புவதற்கு ஒரு நேரம் வேண்டும். அதைத் தலைகள்தான் காட்டித் தந்தன. அவன் குளியலறையில் இருந்தால் நான்கும் அந்தப் பக்கம் பார்த்தன. மாடியில் இருந்தால் கூரையைப் பார்த்தன. அவனைக் கண்டு அவை அஞ்சுகின்றன என்று அவள் எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, இந்த வீட்டில் பயப்படுவதற்குத் துணை கிடைத்ததுபோல. ஒன்று மட்டும் அவள் தொழில் கண்ணை உறுத்தியது. பார்வைகள் அவன் முகத்தில் விழவில்லை. அவன் தோளைத் தாண்டி, ஒரு முழம் பின்னால் விழுந்தன.

இன்று மத்தியானத்துக்கு மேல் அவன் திடீரென்று எழுந்தான். சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "வெளிய போறேன்," என்றான். அவன் அவளிடம் சொல்லிக்கொண்டு போவது வழக்கமில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டதும், படுக்கையறைக் கட்டிலடியில் ஒளித்து வைத்திருந்த பையை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தாள். கதவைத் திறந்தாள்.

வெளியே இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. மாற்றுச் சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது. இழுப்பறை இழுப்பறையாகச் சாவியைத் தேடியதில் முக்கால் மணி நேரம் போயிற்று.

மழைக்கு முன்னால் வரும் இருட்டு ஜன்னல்களில் ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லும், நனைந்த தோலும், அடியில் பழைய இரும்பு போன்ற ஏதோ ஒன்றும் கலந்த வாடை ஹாலுக்குள் பரவியது. அவள் தலைகளுக்கு எதிரே நின்று அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வெளியில பூட்டிட்டுப் போயிட்டாருக்கா."

"மெதுவாப் பேசு," என்றாள் அக்கா. "உன் வீட்டுக்காரர் இங்கதான்டி உக்காந்திருக்காரு."

"அங்கயா?"

"வந்ததுலேர்ந்து ஒரே கேள்வி. 'அவ வீட்டுலதானே இருக்கா, வீட்டுலதானே இருக்கா'ன்னு. 'இருக்கா'ன்னு சொன்னேன். அப்புறம் சாப்பாடு கேட்டாரு. போட்டதையெல்லாம் சாப்பிடறாருடி. முகத்துல அப்படி ஒரு நிம்மதி."

அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் அங்கே இருக்கிறான். தட்டின் முன்னால்.

நான்கு தலைகளும் அவளுக்குப் பின்னால், நடைவழியின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அலோ? ஏய், என்னடி ஆச்சு?"

நடைவழி விளக்கு அணைந்தது.

சின்ன மானின் கண் நகர்ந்தது. மற்றவை தொடர்ந்தன. மயிரிழை அளவுதான். படுக்கையறை வாசல். நின்றன. குளியலறை வாசல். நின்றன. காலடிச் சத்தம் இல்லை. கதவுக் கீல் மட்டும் எங்கோ ஒரு முறை முனகியது. பிசினில் செய்த கண்களின் ஓரத்தில் ஈரம் கட்டியது. அவள் ஒருநாளும் எந்தக் கண்ணிலும் வரவழைக்க முடியாத ஈரம்.

அசையக் கூடாது. அசைந்தால் தெரிந்துவிடும்.

மூச்சை நிறுத்தினாள். போனில் அக்காவின் குரல், கொசுவின் ரீங்காரம் அளவுக்கு. அதையும் விரலால் அமுக்கினாள்.

கண்கள் சோபாவுக்கு வந்தன.

பைக்கு.

அவள் தோளுக்கு.

பின்கழுத்தில் சூடு. ஈரமான சூடு. வந்து போயிற்று. மறுபடி வந்தது.

எட்டுக் கண்களும் அவளைப் பார்த்தன. ஒரே ஒரு கணம், அவளையே. பிறகு ஒவ்வொன்றாக விலகின. விறைத்த காதுகள் தளர்ந்தன. தலைகளைப் பொருத்தியிருந்த மரப் பலகைகள் கிறீச்சிட, நான்கு கழுத்துகளும் தரையை நோக்கிக் குனிந்தன.

காட்டெருமையின் தாடை பக்கவாட்டில் அசைந்தது. நிதானமாக, அது அசைபோடத் தொடங்கியது.