நான்காவது துண்டு

செங்கம் ரோட்டில் இருக்கும் அப்பாவின் பல் மருத்துவமனைக்குள் ஓவியா நுழைந்தபோது காலை பத்து மணி. மருந்து வாசனை வரவேண்டிய இடத்தில் ஊறிய புகையிலை நாறியது. நோயாளி நாற்காலியில் அப்பா அருணகிரியே உட்கார்ந்திருந்தார். வெற்றிலைகூடப் போடாத மனிதர்.

அவளும் பல் டாக்டர்தான். விளக்கைத் திருப்பி அவர் வாய்க்குள் பார்த்தாள். இடது கன்னத்தின் உள்ளே புண், சுற்றிலும் வெள்ளைப் படலம். ஓரம் தடித்துக் கல்லாக இறுகியிருந்தது. கழுத்தில் ஒரு கட்டி; விரலால் அழுத்தியும் அசையவில்லை.

"எத்தனை நாளாப்பா?"

"ரெண்டு மாசம். சூட்டுப் புண்ணும்மா."

ஓவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் சோதிக்க வேண்டும் என்று இந்த மனிதருக்கா தெரியாது? அன்றே ஒரு துண்டு சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

சாதாரணப் புண் என்று அறிக்கை வந்தது.

மறுபடி எடுத்தாள். சாதாரணப் புண். மூன்றாம் முறை ஆழமாக எடுத்தாள். அதே பதில். ஆய்வகத்துக்கே போய்ச் சண்டை போட்டு, நுண்ணோக்கியில் தானே பார்த்தாள். சுத்தமான சதை. இங்கே அப்பாவால் கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. புற்றுநோய் இருக்கிறது என்று அறிக்கை சொல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் வைத்தியம் தொடங்காது.

"அவங்களும் மூணு தடவை வந்தாங்க மேடம்," என்று நர்ஸ் சந்திரகலா கிசுகிசுத்தாள். "கீழ்பென்னாத்தூர் ரேணுகாம்பாள். மல்லாட்டச் செடி பிடுங்கி கடல ஆயுற வேலை, பொகையில அடக்குவாங்க. இதே கன்னம். பௌர்ணமிக்கு கிரிவலம் வரும்போதெல்லாம் காட்டினாங்க. டாக்டர் கூர்ப்பல்ல ராவிட்டு களிம்பு குடுத்தாரு. டெஸ்ட் எடுக்கலாமானு அவங்களே கேட்டாங்க. கத்தி பட்டா பரவிடும்னுட்டாரு. டாக்டருக்குப் புண்ணு வந்தப்பதான் அவங்க செத்தாங்க."

ஓவியா அப்பாவிடம் திரும்பினாள். "படிச்ச டாக்டர் சொல்ற பேச்சாப்பா இது?"

"அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்திம்மா..."

"மூணு பௌர்ணமிக்குமா?"



நாற்காலிப் பக்கத்துத் தொட்டியில் யாரோ துப்பினார்கள்.

தொட்டியருகே யாருமில்லை.

புகையிலை நாற்றம் முகத்தில் அடித்தது. ஓவியாவின் ஆத்திரம் அடங்கவில்லை. "உங்க கோபம் நியாயம்க்கா," என்றாள் வெறும் காற்றைப் பார்த்து. "எனக்கும் அதே கோபம்தான். ஆனா இவரு என் அப்பா. வைத்தியம் பண்ண விடுங்க."

நான்காவது துண்டை எடுத்தாள். பாட்டிலில் அப்பா பெயரைத் தன் கையாலேயே எழுதி, ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பார்த்து அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது. புற்றுநோய், முற்றிய நிலை. ஓவியா அழுதுவிட்டாள். கடைசியில் பிடி கிடைத்துவிட்டதே!

பிறகுதான் மேலே பார்த்தாள்.

நோயாளி: ரேணுகாம்பாள். பெண். வயது 46.

ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கத்தினாள். எடுத்தவர் பாட்டிலைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். "இந்தப் பேர்தான் மேடம் ஒட்டியிருக்கு. நீங்க எழுதினதுதானே? நாலுமே உங்க கையெழுத்துதான்."

"நாலா? மத்த மூணுல என்ன பேர் இருக்கு?"

"அருணகிரி. அவருக்குத்தான் ஒண்ணுமில்லனு எழுதி அனுப்பிட்டோமே."