வாய் கட்டப்பட்ட அகத்தா

குகையை விட்டு வெளியே வந்ததும் கோவேறு கழுதை உடலைச் சிலுப்பியது. அதன் முதுகில் கட்டியிருந்த மணி கணீரென்று ஒலித்து, ஒலி பள்ளத்தாக்கில் உருண்டு போனது.

"ரொம்ப நல்லது," என்றாள் ருகையா. "இனி யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டாம்."

சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த சிரியா நாட்டு மலைகள் அவை. ருகையாவின் அண்ணன் தாரிக் பரங்கியரின் கோட்டையில் கைதி. தேவாலயம் எரிந்தபோது பாதிரியார் குகையில் ஒளித்துவைத்த மணியைக் கொண்டுவந்தால் அவனை விடுவதாகக் கோட்டைத் தலைவன் சொல்லியிருந்தான். இன்று அந்தி சாய்வதற்குள் மணி வராவிட்டால் தாரிக்கின் தலை போய்விடும்.

குகைக்கு வழிகாட்டியவன் கழுதைக்காரன் ஜிர்ஜிஸ், உள்ளூர்க் கிறிஸ்தவன். காவலுக்கு வந்தவன் கோட்டை வீரன் கியோம். மூவரும் முழங்கால் தேயத் தவழ்ந்து, வௌவால் எச்சத்தில் புரண்டு, மணியை இழுத்து வந்திருந்தார்கள். மணியைத் தலைகீழாக இழுக்கக் கூடாது என்று கியோம் குகைக்குள்ளேயே ஒரு சண்டை போட்டிருந்தான்.

கீழே, அவர்கள் போக வேண்டிய பாதையோரம், சுல்தானின் குதிரைப்படை முகாமிட்டிருந்தது. அவர்களுக்குத் தாரிக்கைவிட வெண்கலம் பெரிது. கண்டால் உருக்கிவிடுவார்கள்.

ருகையா முக்காட்டின் ஓரத்தைக் கிழித்து மணியின் நாக்கைச் சுற்றப் போனாள். கியோம் குறுக்கே வந்தான்.

"கூடாது. இவளுக்கு எங்க ஆயர் ஞானஸ்நானம் கொடுத்திருக்கார். பேரு அகத்தா. வாயைக் கட்டினா பாவம்."

ருகையா ஜிர்ஜிஸைப் பார்த்தாள். "மணிக்கா ஞானஸ்நானம்?"

"என்னைக் கேக்காதே தங்கச்சி. எங்க கோயில்ல மணிக்குப் பதிலா பலகையைத்தான் தட்டுவோம். அதுக்குப் பேரெல்லாம் கிடையாது."

"என் அண்ணனுக்கும் பேரு இருக்கு. அவன் கழுத்து போனா பாவமில்லையா?"

கியோம் நகரவில்லை. சூரியன்தான் நகர்ந்தது. ருகையா ஒரு பாறையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, நீங்க மணியைக் கட்டிப்போடுறதே இல்லையா?" என்றான் ஜிர்ஜிஸ்.

"புனித வாரத்துல மட்டும். ஆண்டவர் கல்லறையில இருக்கிற நாள்ல மணி பேசாது. துக்கம்."

ருகையா தலையை நிமிர்த்தினாள். "துக்கம்னா கட்டலாமா? அண்ணனைப் பிடிச்ச போன மழைக்காலத்திலேர்ந்து எங்க வீட்ல துக்கம்தான். அம்மா அடுப்பு மூட்டுறதே இல்லை. அது போதாதா?"

கியோம் தன் மேலங்கியைக் கழற்றி, மணியின் நாக்கைத் தானே சுற்றிக் கட்டினான்.

பாறைகளின் மறைவில் முகாமைக் கடந்தார்கள். ஒரு குதிரைகூடத் தலை திருப்பவில்லை.

கோட்டை தெரிந்ததும் ஜிர்ஜிஸ் முணுமுணுத்தான். "போன தடவை வேற ஒரு கைதிக்குக் கேட்டதை வாங்கிக்கிட்டு ஆளை விடாம ஏமாத்தினவன் இந்தத் தலைவன்."

கியோம் காதில் அது விழுந்தது.

வாசலில் தாரிக்கைக் கயிற்றோடு நிறுத்தியிருந்தார்கள். தலைவன் மணியை ஆட்டினான். மொத்தென்றது.

"அவிழ்த்துவிடு. குரலைக் கேட்டாத்தான் நம்ம மணியா இல்லையான்னு தெரியும்."

"இப்ப முடியாது பிரபு," என்றான் கியோம். "துக்கத்துக்காகக் கட்டினது. இந்தப் பொண்ணோட அண்ணன் அந்தப் பாதைத் திருப்பத்தைத் தாண்டினாத்தான் துக்கம் முடியும்."

"இது என் கட்டளை."

"நடுவுல அவிழ்த்தா பாவம். பாதிரியாரைக் கேளுங்க."

பக்கத்தில் நின்ற கிழப் பாதிரியார் மணியைத் தடவியபடி, ஆமாம் என்று தலையசைத்தார். பகல் முழுதும் ருகையா பட்ட எரிச்சல் இப்போது தலைவனின் முகத்தில் ஏறியது. தாரிக்கின் கயிற்றை வெட்டச் சொன்னான்.

திருப்பத்தைத் தாண்டியதும் பின்னால் மணி ஒலித்தது. தாரிக் திடுக்கிட்டான். "என்ன அது?"

"அகத்தா," என்றாள் ருகையா. அவளுக்கு அந்த ஓசை பிடிக்கவில்லை. ஆனாலும் அது ஓயும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் நடந்தாள்.