பத்துக்குப் பத்து

ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கி வந்த எர்வின் ஒரு குறையும் சொல்லவில்லை. லிதியாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

எர்வின் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். ஐரோப்பாவில் அவர் ஏறாத ரோலர் கோஸ்டர் குறைவு, ஏறிவிட்டுத் திட்டாத கோஸ்டர் ஒன்றுகூட இல்லை. ஒன்று முதுகை உடைக்கிறது, இன்னொன்று பாதியிலேயே தூங்கிவிடுகிறது, மற்றொன்றுக்குப் பெயிண்ட் சரியில்லை. இன்று காலை காத்தோவிட்ஸ் நகரத்திலிருந்து வரும் வழியெல்லாம், சார்னா என்கிற இந்தப் புதுக் கோஸ்டர் வெறும் விளம்பரம் என்று அவர் முழங்கிக்கொண்டே வந்தார். அதற்கு நாட்டிலேயே ஈடு கிடையாது என்று பக்கத்து சீட்டிலிருந்து யாகோடா மல்லுக்கு நின்றாள். இருவரும் எந்தக் கோஸ்டரைப் பற்றியும் ஒத்துப்போனதே கிடையாது. ஒத்துப்போனால் இருவருக்குமே அன்று சோறு இறங்காது.

இப்போது இருவரும் ஒன்றாகப் படியிறங்கி வந்தார்கள்.

“பத்துக்குப் பத்து,” என்றார் எர்வின்.

“பத்துக்குப் பத்து,” என்றாள் யாகோடா.

லிதியாவின் தம்பி ரெமிக் இரண்டு கைகளிலும் காபிக் கோப்பையோடு வாயைப் பிளந்தான். “என்ன எர்வின், காலைலயே ஊத்திக்கிட்டீங்களா?”

வழக்கமாக இதற்கு எர்வின் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார். இப்போது சிரித்தார். “ஏறிப் பாரு. நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையை நோக்கி நடந்தார். பின்னாலேயே யாகோடா. லிதியா நீட்டிய பைகளை இருவருமே வாங்கிக்கொள்ளவில்லை.

கோஸ்டரில் பை, தொப்பி, கண்ணாடி எதையும் கொண்டுபோகக் கூடாது. அதனால் சுற்றுக்கு ஒருவர் கீழே நின்று எல்லாருடைய மூட்டையையும் சுமப்பது இவர்கள் வழக்கம். அந்த ஆளை ‘ஆணி’ என்பார்கள். முதல் சுற்றில் லிதியாதான் ஆணி. காபி வாங்கப் போன ரெமிக் முதல் வண்டியைத் தவறவிட்டிருந்தான். பூங்கா இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. கோஸ்டர் ரசிகர் மன்றங்களுக்கு என்று ஒதுக்கிய தனி நேரம் இது.

அக்டோபர் மூடுபனி தரையோடு படுத்திருந்தது. ஈர இரும்பும் கிரீசும் கலந்த வாடைக்கு அடியில், வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்ததுபோல ஒரு புளித்த குளிர் நெடி, பழைய நிலக்கரிக் கழிவு மண்குன்றின் பக்கமிருந்து விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. சார்னாவின் தண்டவாளம் உயரத்திலிருந்து தலைகுப்புற இறங்கி, நேராக அந்தக் குன்றைக் குடைந்து போட்ட குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் ஏறி வெளியே வரும். நுழையும் வாய்க்குப் பக்கத்திலேயே கம்பிவேலி. லிதியா தன் நீல ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு பைகளோடு அங்கே போய் நின்றாள்.

அடுத்த வண்டி இறங்கியது. உயிர் போகிற மாதிரி கத்தினார்கள், கோஸ்டரில் எல்லாரும் கத்துகிற மாதிரி சந்தோஷமாக. குகை அவர்களை விழுங்கியது. மறுபக்கம் வண்டி வெளியே வந்தபோது சத்தமே இல்லை. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தார்கள், ஒரே உயரத்துக்கு. சக்கரங்களின் இரைச்சல் தள்ளிப் போய், வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்து, பிரேக் பெருமூச்சு விட்டு அடங்கிய பிறகும் கூச்சல் நிற்கவில்லை. அது குகைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். எதிரொலி தேயும். இது தேயவில்லை. சந்தோஷம் மட்டும்தான் அதிலிருந்து போயிருந்தது.

அவள் ஓட்டமாகத் திரும்பினாள். ரெமிக் வரிசையில் கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து காலணியின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான்.

“ரெமிக், இது வேண்டாம். வா, போயிடலாம்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“உள்ள போனவங்க... இன்னும் உள்ளதான் கத்துறாங்க.”

“ஸ்பீக்கர் வெச்சிருப்பானுங்க லித்கா.” சின்ன வயதிலிருந்தே அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். “பாரு, இதான் சொன்னேன். பாதி பில்டப்பே சவுண்டுதான்.”

“எர்வின் பத்து கொடுக்கிற ஆளா? யோசிச்சுப் பாரு!”

“அதனாலதான் ஏறப் போறேன். நான் சைபர் கொடுக்கப் போறேன். ஆனா ஏறாம கிழிச்சேன்னு வையி, ஒரு பய மதிக்க மாட்டான்.”

ஏறாதவருக்குப் பேச உரிமை கிடையாது என்பது இவர்களிடையே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைச் சொல்லி எத்தனையோ பேரின் வாயை அவளே அடைத்திருக்கிறாள். அவனை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டதும் அவள்தான். எட்டு வயதில் உயரம் போதாமல் அழுதவனுக்கு, யாரும் பார்க்காதபோது காலணிக்குள் செய்தித்தாளை மடித்துத் திணித்து முதல் கோஸ்டரில் ஏற்றிவிட்டவள் அவள். அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கோப்பைகளை எடுத்து அவள் கையில் திணித்தான்.

“முன்வரிசை காலியா இருக்கு. கத்துவேன், கேட்டுக்கோ.”

அவள் கோப்பைகளை அங்கேயே வைத்துவிட்டு வேலிக்கு ஓடினாள். சங்கிலி வண்டியை மேலே இழுக்கும் கடகடப்பு பனிக்குள் ஏறி, ஏறி, உச்சியில் நின்றது. பிறகு அவன் குரல். நூறு குரலுக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரியும், சேவல் மாதிரி பாதியில் உடையும் ஊளை. தலைக்கு மேலே வந்தது. குகைக்குள் போனது.

உள்ளே ஒரு இடத்தில் அந்த ஊளை நின்றது. பிறகு வேறு மாதிரி தொடங்கியது.

வண்டி வெளியே வந்தது. முன்வரிசையில் ரெமிக் கைகளைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் இறங்கி நின்றிருந்தான். அதே முகம், மூக்கில் அதே மச்சம். அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

“பத்துக்குப் பத்து,” என்றான்.

“உன் ஷூவுக்குள்ள அன்னைக்கு நான் என்ன வெச்சேன்?”

“பேப்பர். அப்பாவோட விளையாட்டுப் பக்கம். ஈரமாகி என் கால் எல்லாம் மை.” கொஞ்சமும் தயங்காமல், அன்பாகவே சொன்னான். ஒரு எழுத்துத் தப்பில்லை. தப்பு இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு, இவன் என் தம்பி இல்லை என்று கத்தியிருப்பாள்.

அப்போது குன்றின் பக்கமிருந்து மெல்லியதாகக் கேட்டது.

“லித்கா!”

எதிரே நின்ற ரெமிக்கின் உதடு அசையவில்லை.

“லித்கா! இங்க இருக்கேன்! லித்கா!”

அவள் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியைத் தட்டினாள். “வண்டிய நிறுத்துங்க! உள்ள ஆள் இருக்கு, என் தம்பி உள்ள இருக்கான்!”

சீருடைப் பெண் அவளையும் ரெமிக்கையும் பார்த்தாள். “உங்க தம்பி பக்கத்துலதானே மேடம் நிக்கிறாரு?”

“அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?”

“கேக்குதே.” அவள் புன்னகை செய்தாள். “சோதனை ஓட்டத்துல நாங்க எல்லாருமே போனோம் மேடம். பத்துக்குப் பத்து.”

லிதியா பைகளைக் கீழே போட்டுவிட்டு மீண்டும் வேலிக்குப் போனாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள். ஏறப் பார்த்தாள், உச்சியில் முள். நகம் பெயர்ந்தது. குகை வாய்க்கு நடந்து போக ஒரு பாதையும் இல்லை. குகைக்குள் அவள் தம்பி அழுதுகொண்டிருந்தான். எட்டு வயதில் அழுத அதே அழுகை. உள்ளே போக ஒரே வழிதான் இருந்தது. அது வண்டிதான். கம்பியை விட்டுவிட்டுப் பிளாட்பாரத்துக்கு நடந்தாள்.

எர்வினும் யாகோடாவும் விலகி வழி விட்டார்கள். முன்வரிசை காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்ததும் ரெமிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பாதுகாப்புக் கம்பி மடியில் இறங்கி இறுகியது.

“பயப்படாத லித்கா,” என்றான். “கொஞ்ச நேரம்தான்.”

சங்கிலி கொக்கியைப் பிடித்தது. மேலே. பனி முகத்தில் ஈரமாக ஒட்டியது. கீழே பூங்கா தெரியவில்லை. மேலே வானமும் தெரியவில்லை. உச்சி. வண்டி ஒரு கணம் தொங்கியது.

விழுந்தது.

அவள் கத்தினாள். கத்தக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். குகை வாய் பெரிதானது. இருட்டு. புளித்த நெடி. வேகம் குறைந்தது, குறையக்கூடாத இடத்தில். மடியில் கம்பி தானாகத் தளர்ந்தது.

கைகள்.

தோளில். கணுக்காலில். கூந்தலில். எல்லாம் சில்லிட்ட கைகள். இழுத்தன. முழங்கால் ஜல்லியில் மோதியது. சுற்றிலும் மூச்சு. அழுகை. எர்வினின் குரல் எங்கோ, எல்லாரையும் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டு.

ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டான். “ஏன் வந்தே?” என்றான் ரெமிக். “ஏன் லித்கா வந்தே?”

அவள் அவனை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் சாம்பல் வட்டமாக வெளிவாசல். அந்த வெளிச்சத்தை நோக்கி வண்டி ஏறியது. முன்வரிசையில் அந்த இன்னொரு ரெமிக்கின் பின்னந்தலை. அதன் பக்கத்தில் ஒரு நீல ஜாக்கெட், காலையில் அவசரமாக முடிந்த கொண்டை, காதோரம் அவளுக்கு எப்போதும் அடங்காத அந்த முடிக்கற்றை.

வெளிச்சம் பட்டதும் அந்தப் பெண் இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கினாள்.