காட்டுக்குக் கொடுத்த பெயர்

நிலைவாசலுக்கு மேலே செருகியிருந்த பாக்ஸ்வுட் கொப்பு பச்சையாக இருந்தது.

பால் வாளியோடு இரண்டு படி ஏறிய பிறகுதான் நானூலிக்கு அது உறைத்தது. போன குருத்து ஞாயிறன்று பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த கொப்பு அது. அவர்கள் ஊர்ப்பக்கமான மெக்ரேலியாவில் அந்த நாளுக்குப் பனையோலை கிடையாது, சின்ன இலைகளோடு நிற்கும் பாக்ஸ்வுட் மரத்தின் கொப்புதான். வருடம் முழுக்க அடுப்புப் புகையும் வெயிலும் பட்டு இந்நேரம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும், தொட்டால் இலை உதிர வேண்டும். இதுவோ நேற்றுத்தான் ஒடித்தது போல எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. சொந்த வாசலை யார் தினமும் அண்ணாந்து பார்க்கிறார்கள்? எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாளைக்கு மறுபடியும் குருத்து ஞாயிறு.

படிக்கடியில் படுத்திருந்த கூர்ஷா எழுந்தது. வாலைக் கால்களுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து வேலியோரம் போய் நின்றது. ஆறு வருடமாக அவள் கையால் தின்று வளர்ந்த நாய்.

ஓடைக்கு அப்பால் இருக்கும் காட்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கைக்கு எட்டாத பகையாளியைக் காட்டுக்குக் கொடுத்துவிடலாம். அந்த வீட்டு வாசலிலிருந்து பழைய கொப்பை எடுத்துப் போய், காட்டிலேயே மூத்த மரத்தில் கட்டி, ஆளின் பெயரை மூன்று தரம் சொன்னால் போதும். மீதியைக் காட்டரசி பார்த்துக்கொள்வாள். கொடுக்கப்பட்டவருக்கு முதலில் வாய் கசக்கும். பிறகு நாய் விலகும். பிறகு கால் தானாகவே அந்தப் பக்கம் நடக்கும். மீட்பதற்கு ஒரே வழிதான். கொடுத்தவரே அந்த மரத்தடியில் நின்று, திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதையும் அடுத்த குருத்து ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் கோயில் மணி அடிப்பதற்குள் சொல்லியாக வேண்டும்.

நானூலி அந்தக் காட்டின் காவல்காரி. பதினேழு வருட வேலை. அந்துப்பூச்சி வந்து அந்தப் பக்கத்துப் பாக்ஸ்வுட் காடுகளையெல்லாம் மொட்டையடித்தபோது இந்த ஒரு சரிவு தப்பித்தது. அதனால் இங்கே யாரும் ஓர் இலையைக்கூட ஒடிக்கக் கூடாது, திருநாளுக்கும்கூட. ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவள் என்று அவளுக்குப் பெயர். சிரிக்கிறவள்தான், சில வாரமாகக் காப்பி வேப்பெண்ணெயாகக் கசப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

சமையலறையில் அக்கா லமாரா பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானூலியைவிட ஒன்பது வயது மூத்தவள், விதவை. அம்மா போன பிறகு இவளை வளர்த்தவள்.

"அக்கா, வாசல் கொப்பு புதுசா இருக்கு. பாத்தியா?"

"பச்சையா இருந்தா நல்லதுதானே." லமாரா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழசை யாரோ எடுத்துட்டு, தெரியக் கூடாதுன்னு இதை வச்சிருக்காங்க. தாரியேல் வேலையா இருக்குமா?"

"அவனாத்தான் இருக்கும்," என்றாள் லமாரா. "வேற யாருக்கு உன்மேல அவ்வளவு காட்டம்?"

பக்கத்து வீட்டுத் தாரியேலைப் போன வாரம்தான் ஒரு மூட்டைக் கொப்போடு பிடித்து, பெயரை எழுதி அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள். நானூலி வாளியைக்கூட மூடாமல் வேலியைத் தாண்டிப் போனாள். தாரியேல் திராட்சைக் கொடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க காவல்காரம்மா! இன்னைக்கு என்ன, என் மீசையை அளந்து எழுதிட்டுப் போக வந்தீங்களா?"

"விளையாடாத. எங்க வாசல் கொப்பை எடுத்தது நீதானே?"

அவன் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. கத்தரியைக் கொடியிலேயே மாட்டிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டான்.

"வாய் கசக்குதா?"

நானூலி புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இங்க பாரு நானூலி, நான் திட்டுவேன். ரெண்டு கிளாஸ் உள்ள போனா உன் ஏழு தலைமுறையையும் திட்டுவேன். ஆனா இந்தக் காரியம் மட்டும் செய்ய மாட்டேன். அதுவும் இல்லாம, உன் நாய் என்னை வாசல்கிட்ட விடுமா? போன மாசம் கிழிச்ச கால்சட்டையை இன்னும் தைக்கல. அது குரைக்காத ஆள் யாருன்னு பாரு."

"அது குரைக்காத ஆள் இப்ப எங்க வீட்டுல ரெண்டே பேர். நானும் அக்காவும்."

தாரியேல் கொடியைப் பார்த்தான், கத்தரியைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"வாயைக் கழுவு," என்றாள் நானூலி.

"நான் ஒண்ணுமே சொல்லலியே தாயி. மணியடிக்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. போ. கிட்ட மட்டும் வராத."

வீட்டுக்குத் திரும்பியபோது லமாரா மேலங்கி மாட்டித் தயாராக நின்றிருந்தாள். "மரத்துக்கே போய்ப் பாத்துடுவோம். எதால கட்டியிருக்குன்னு பாத்தா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். தனியா போகாத, நானும் வரேன்," என்றாள். இப்படி ஓர் அக்கா இருக்கும்போது ஊரார் வாய்க்கு ஏன் பயப்பட வேண்டும் என்று நானூலிக்குக் கண் கலங்கிவிட்டது.

நல்ல வெயில். பிளம் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன, யார் வீட்டிலோ கோழிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, நாளைய திருநாளுக்காகப் பெண்கள் கோயில் முற்றத்தைப் பெருக்கும் சத்தம் சரிவின் அடிவரை கேட்டது. ஓடையை நெருங்க நெருங்க அந்தச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் கற்களுக்கு நடுவே ஓடும் தண்ணீரும் லமாராவின் மூச்சும் மட்டும் மிஞ்சின. அக்கரையில் வெயில் விழவில்லை. பாக்ஸ்வுட் மரங்கள் கிளைக்குக் கிளை பின்னி நின்றன, ஒவ்வொரு கிளையிலிருந்தும் பாசி ஈரக் கம்பளியாகத் தரைவரை தொங்கியது, பூனை மூத்திரம் போன்ற அந்த மரத்தின் வாடை அங்கிருந்து வருகிறதா தன் உள்ளங்கையிலிருந்து வருகிறதா என்று நானூலி கையை முகர்ந்து பார்த்தாள். கையிலிருந்துதான் வந்தது.

"முட்டி வலிக்குது. கல்லு தாண்ட என்னால ஆகாது," என்றாள் லமாரா. "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

நானூலி கற்களின் மேல் கால் வைத்துத் தாண்டினாள். கால் எளிதாக நடந்தது. கொஞ்சம் அதிக எளிதாக.

அக்கரை ஏறியதும் அந்த ஐந்து அடிக்கட்டைகள் வந்தன. அவளே சேறு பூசி மறைத்தவை. ஜனவரியில் லமாராவின் மகன் கோச்சா வெட்டிய மரங்கள். கை மொத்தத்துக்கு வளரவே நூறு வருடம் எடுக்கும் மரங்களை ஒரே காலையில் வெட்டி, செதுக்குகிறவர்களுக்கு விற்றுவிட்டான். லமாரா காலில் விழுந்தாள். நானூலி அவன் பெயரை எழுதவில்லை, வெளியூர்க்காரர்கள் என்று எழுதினாள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான், அவளுக்கும் தெரியும். 

பிப்ரவரியில் கோச்சா படுத்தான். எதைத் தின்றாலும் கசக்கிறது என்று துப்பினான். நாய் அவனைக் கண்டு ஓடியது. மூன்று தரம் பட்டப்பகலில் இந்த ஓடைக்கரையில் செருப்பில்லாமல் நின்றவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். பிறகு ஒரு நாள், தவக்காலத்துக்கு முந்தின வாரம், எதுவுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்து கோமிக் கூழ் கேட்டான். இரண்டு தட்டுக் கூழையும் பாலாடைக்கட்டியோடு தின்றான். இப்போது போத்தி துறைமுகத்தில் வேலையாக இருக்கிறான். அன்றைக்கு நானூலி சந்தோஷத்தில் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள்.

எப்படிக் குணமானான் என்று அவள் கேட்கவே இல்லை. யாரையும் கேட்கவில்லை.

நடை தயங்கியது. மனம்தான் தயங்கியது, கால் போய்க்கொண்டிருந்தது.

மூத்த மரம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் அளவு பருமன். அவள் மார்பு உயரத்தில், பாசிக்குள், வைக்கோல் நிறத்தில் ஒரு கொப்பு. சாம்பல் கம்பளி நூலால் கட்டியிருந்தது. அவளுக்காக அக்கா பின்னிக்கொண்டிருக்கும் காலுறையின் நூல். இரட்டை முடிச்சு, நுனியைப் பல்லால் கடித்து இறுக்கியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் தினமும் அவள் பின்னலில் விழுந்த முடிச்சு. பற்குறிகூட இருந்தது.

அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை.

"அக்கா."

"கேக்குது," என்றது ஓடைக்கு அப்பாலிருந்து குரல்.

"இது உன் முடிச்சு."

 மரங்களின் இடைவெளியில் லமாரா சின்னதாகத் தெரிந்தாள். ஓடவில்லை, மறுக்கவில்லை.

"மரத்தை வெட்டினதுக்கு அவனைக் காடே எடுத்துக்கிச்சு. ஒருத்தரைக் குடுத்தாத்தான் ஒருத்தரை விடும் நானூலி. வேற வீட்டு வாசல்ல நான் எப்படிப் போய் எடுப்பேன்? யாரு என்னை உள்ள விடுவா?"

"அதனால என்னையா?"

"வேற யாரு இருக்கா எனக்கு?"

"அவன் பேரை நான் எழுதலியேக்கா. உனக்காகத்தானே எழுதல!"

"தெரியும்மா. அந்த நன்றி எனக்கு உண்டு. வருஷா வருஷம் உன் பேர்ல மெழுகுவத்தி ஏத்துவேன்."

நானூலிக்குக் காட்டின் மேல் இருந்த பயம் அந்த நிமிடம் எங்கேயோ போய்விட்டது. காடு காடாகத்தான் இருந்தது, கேட்டதைத்தான் வாங்கியது. ஒரே தட்டில் தின்று, காலையில் காப்பி ஊற்றிக் கொடுத்து, கசக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எதிர்க்கரையில் நிற்கிறாள். கூட இருந்தே குழி பறித்தவள். தாரியேல்தான் என்று கைகாட்டி, வழித்துணைக்கும் வந்தவள்.

"வாக்கா. இந்தா, நூறு எட்டு. வந்து ஒரு வார்த்தை சொல்லு. மணி இன்னும் அடிக்கல."

"சொன்னா அவன் போயிடுவான்."

"சொல்லலேன்னா நான் போயிடுவேன்!"

லமாரா கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "உனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா இப்படிக் கேக்க மாட்ட."

நானூலி ஓடினாள். ஓடையை நோக்கி. ஓடினாள் என்றுதான் நினைத்தாள். மரம் அதே இடத்தில் இருந்தது. முதுகில் அதன் பட்டை. இன்னொரு தரம். பட்டை. ஈரம்.

பிறகு மணி அடித்தது.

கோயில் மணி. ஒன்று. இரண்டு. வழக்கமான சனிக்கிழமை மணி.

லமாரா மேலங்கிப் பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்தாள். கூந்தலை அவிழ்த்தாள். கன்னத்தில் அறைந்துகொண்டாள். தொடங்கினாள்.

"என் தங்கச்சி... யாருமில்லாத இடத்துல போய்ப் படுத்தியே... என் கையில வளந்தவளே..."

சாவு வீட்டு ஒப்பாரி. நல்ல குரல் அவளுக்கு. உண்மையாகவே அழுதாள்.

"நான் செத்துப்போகல!" என்று நானூலி கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் நிறைய இலை. கசப்பு. துப்பினாள். இன்னும் இருந்தது.

சரிவுக்கு மேலே, கோயில் முற்றத்தில், பெருக்கும் சத்தம் நின்றது. ஒரு பெண் குரல் ஒப்பாரியை வாங்கியது. இன்னொன்று. அடுத்தது. யார் செத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

கேட்கவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காற்று இல்லை. ஆனால் பக்கத்து மரத்தின் பாசி அசைந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே. வெளியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். ஆள் உயரம். வரிசையாக. ஒன்றுகூட மரமில்லை.

எல்லாம் ஊரைப் பார்த்து நின்றன.

பக்கத்தில் நின்றது மெல்ல அசைந்தது. பேருந்தில் புதிதாக ஏறியவளுக்கு நகர்ந்து கொடுப்பது போல அரையடி தள்ளி நின்றது. ஒரு பெண் நிற்கும் அளவு இடம் வந்தது.