ஐஸ் வாளியில் சிலந்தி

ஆய்வு மாணவி கதவைத் தட்டியதும், ஓய்வுபெற்ற விஞ்ஞானி அம்மாளை முந்திக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தவர் அவர் கணவர்தான். மனைவியைத் தேடி வரும் வழக்குகளில் மனைவியைவிட அவருக்கே அக்கறை அதிகம். ஊர் வம்பு என்றால் சும்மாவா?

"நான் ஆராய்ச்சி முடிவைப் பொய்யாக் காட்டினேன்னு எங்க பேராசிரியர் சொல்றாரு மேடம். ஒத்துக்கிட்டு ஆராய்ச்சியை விட்டுப் போயிடணுமாம்!" என்று அழுதாள் மாணவி.

அவள் சோதித்த புரதத்தில் பாஸ்பேட் என்ற வேதித் துணுக்கு ஒட்டியிருந்தது. சோதனைப் படத்தில் அது கறுப்புக் கோடாக விழுந்தது. பேராசிரியர் அதே சோதனையைத் தாமே செய்து பார்த்தார், கோட்டைக் காணோம்.

"யாரோ மருந்தை மாத்தியிருக்கான்!" என்று குதித்தார் கணவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏம்மா, விரல் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"ஐஸ்ல வச்சுத்தான் செல்லை உடைச்சுப் புரதம் எடுப்பேன் மேடம். பக்கத்து லேப்ல போய் அள்ளிட்டு வரணும். ஐஸ் மெஷின் அங்கதான் இருக்கு."

மூவரும் பேராசிரியரின் லேபுக்குப் போனார்கள். பேராசிரியர் விறைப்பாக நின்றார். அம்மாள் சோதனை மேசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேராசிரியரின் பெயர் எழுதிய ஐஸ் வாளி மூலையில் கிடந்தது. அதை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சிலந்தி வலை பின்னிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

"பக்கத்து லேப் யாரோடது?"

"சாரோட தங்கச்சி வீட்டுக்காரர்..." என்று இழுத்தாள் மாணவி. "வீட்டு நடுச்சுவர்த் தகராறுல ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது."

கணவரின் காது ஒரு முழம் நீண்டது.

"அப்போ நீங்க ஐஸ் இல்லாமத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார் அம்மாள் பேராசிரியரிடம்.

"சட்டுனு முடிச்சேன். ஐஸ் எதுக்கு?"

"செல்லுக்குள்ள ஒரு நொதி பாஸ்பேட்டை ஒட்டும், இன்னொண்ணு பிய்ச்சு எடுக்கும். செல்லை உடைச்ச பிறகும் பிய்க்கிற நொதி ஓயாது. குளிர்லதான் அதுக்குக் கை மந்தமாகும். உங்க புரதத்துலயும் பாஸ்பேட் இருந்திருக்கும். நீங்க படம் எடுக்கிறதுக்குள்ள அது போயிடுச்சு, கோடும் விழலை. ஐஸோட ஒருதரம் செஞ்சு பாருங்க."

மாணவி தன் வாளியை எடுக்கப் போனாள். "நீ இரும்மா," என்ற பேராசிரியர், தம் வாளியிலிருந்த சிலந்தியைப் பூப்போல ஜன்னலில் இறக்கிவிட்டு, வாளியோடு பக்கத்து லேப் வாசலில் போய் நின்றார். தட்டக் கை எழவில்லை.

"என்ன மச்சான், விருந்தாளி மாதிரி நிக்கிறீங்க? உள்ள வாங்க!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

மறுநாள் மாலை கோடு கன்னங்கரேலென்று விழுந்தது. "தப்பு என்மேலதாம்மா," என்றார் பேராசிரியர். மாணவி மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

அந்த நேரத்தில் கணவரைத்தான் காணோம். பக்கத்து லேப்பில் உட்கார்ந்து, "சுவரு உண்மையில யாரு பக்கங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.