முதல் கிளாஸ் மூத்தவருக்கு!

“அப்பா... குடிக்காதவங்க ஊத்திக் குடுத்தா அது பாவமில்லையா?”

ஆறு வயதில் ஹன்னா கேட்ட கேள்வி அது.

விஸ்கி ஆலையில் முகர்ந்து பார்த்தே சரக்குக் கலக்கும் வேலை பார்த்தும் ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத அவள் அப்பா மரியஜோசப்பிடம் அன்று பதில் இல்லை.

இன்றும் இல்லை!

ஏனென்றால்... இப்போது அவர் காலடியில் ஒரு பிணம் கிடந்தது. அந்த மனிதர் குடித்த கடைசிக் கிளாஸை ஊற்றியவர் மரியஜோசப்தான்!

ரங்கூன், லைங் தாயா. 2003 டிசம்பர். ‘வெள்ளை ஆந்தை’ விஸ்கி ஆலையின் சாப்பாட்டுக் கூடம். புதுச் சரக்கை ருசி பார்க்க வியாபாரிகளுக்கு மதிய விருந்து.

கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அங்கே சிரிப்புதான்.

மேசையின் தலைப்பக்கம் முதலாளி கண்ணப்ப செட்டியார். அவர் முன்னால் தங்கக்கோடு போட்ட கிளாஸ். மற்றவர்களுக்குச் சாதா கிளாஸ். எல்லாவற்றையும் அடுக்கியவன் அவருடைய அக்கா மகன் அரவிந்த். தேவகோட்டையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

“ஊத்து ஜோசப்பு! உன் மூக்கு செஞ்ச சரக்கு. எங்க நாக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்!” என்றார் கண்ணப்பன்.

மரியஜோசப் தங்கக்கோட்டுக் கிளாஸில் முதலில் ஊற்றினார்.

கண்ணப்பன் அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். தன்லின் வியாபாரி ரெங்கசாமியிடம் போய் இரண்டு கையாலும் நீட்டினார்.

“அண்ணே, இங்க மூத்தவர் நீங்க. முதல் கிளாஸ் உங்களுக்கு.”

“மாமா! அது உங்க கிளாஸ்!” அரவிந்த் கத்தினான்.

மேசையே சிரித்தது.

“தம்பி, இது பர்மா! முதல் கரண்டி மூத்தவன் தட்டுலதான் விழும். வயசானதுக்கு இந்த ஒரு லாபமாவது இருக்கட்டும்டா!” என்றார் ரெங்கசாமி.

குடித்தார்.

உதட்டைத் துடைத்தார்.

விழுந்தார்!

இன்ஸ்பெக்டர் ஊ சோ நைங் வந்ததும் கேட்ட முதல் கேள்வி...

“ஊத்துனது யாரு?”

“நான்தான், ஸயா... ஐயா.”

“செத்தவர்கூட உனக்குச் சண்டை உண்டா?”

மரியஜோசப் தலை குனிந்தார். ஸ்டோர் கீப்பர் கபீர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“போன வாரம்... நம்ம பாட்டில்ல கலப்படச் சரக்கு அடைச்சு விக்கிறார்னு ஜோசப்பண்ணன் இவரை ஆலை வாசல்லயே சத்தம் போட்டாரு. ‘சும்மா விடமாட்டேன்’னு...”

“அது கோவத்துல சொன்னது ஸயா! மாதா மேல ஆணையா...”

“மாதாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வரமுடியாது. நீ வா!”

கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு பூட்டினார்கள். மரியஜோசப் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் தட்டைப் பார்த்தது.

சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

“கபீரு... வீட்ல இருதயம்மாகிட்ட சொல்லிடு. பயப்பட வேணாம்னு சொல்லு...”

சொன்னவரின் குரல்தான் பயத்தில் நடுங்கியது. அந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் ஜீப்பில் ஏற்றப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கண்ணப்பன் அசையாமல் நின்றார்.

அரவிந்தின் அந்தக் கத்தல்... அது வழக்கம் தெரியாதவனின் கத்தல் மட்டுமல்ல. பயந்தவனின் கத்தல்!

வாயைத் திறந்தால் அக்காவின் ஒரே மகன் போவான். மூடினால் ஜோசப் போவான்.

எண்பத்தெட்டுக் கலவரத்தில், வெளியே துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தபோது, வலியில் துடித்த கண்ணப்பனின் மனைவி தெய்வானையைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து, போட்டாதாங்கிலிருந்து ஆஸ்பத்திரிவரை மிதித்தவன் ஜோசப். அவள் பிழைத்தாள். அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை.

“இன்ஸ்பெக்டர்... உங்ககூடத் தனியாப் பேசணும்.”

பீப்பாய்க் கிடங்கின் கதவு சாத்தப்பட்டது.

“அந்த விஷம் எனக்கு வச்சது.”

“என்ன உளர்றீங்க?”

“கிளாஸை அடுக்குனவன் அரவிந்த். அதுல ஜோசப் ஊத்தினப்ப பேசாம இருந்தான். ரெங்கசாமியண்ணன் கைக்குப் போனப்பதான் பதறினான்.”

“பர்மா வழக்கம் அவனுக்குத் தெரியாதா?”

“பாதி தெரியும். அதுதான் வினை! வீட்ல நான்தான் மூத்தவன். ஒரு மாசமா முதல் கரண்டி என் தட்டுலதான் விழுது. அது முதலாளிக்குன்னு நெனச்சுட்டான்... மூத்தவனுக்குன்னு தெரியலை. இந்த ஊர்ல பொறந்த எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.”

“உங்களை எதுக்குக் கொல்லணும்?”

“எனக்குப் பிள்ளை இல்ல. எனக்கப்புறம் ஆலை அவனுக்கு. அதுவரைக்கும் பொறுக்கலை போல... அவன் பையைப் பாருங்க.”

“சொந்த அக்கா மகன். தூக்குகூடக் கிடைக்கலாம்.”

“தெரியும்... நான் சொன்னேன்னு மட்டும் ஜோசப்புக்குத் தெரிய வேணாம்.”

“ஏன்? அவன் உங்களைக் கும்பிடுவானே!”

“நீங்க வேற! தெரிஞ்சா, ‘பாவம், சின்னப்பையன், விட்ருங்க’ன்னு உங்க கால்ல வந்து விழுவான்.”

அரவிந்தின் பேண்ட் பையில் பாதி காலியான விஷப் பொட்டலம் இருந்தது.

“மாமா... மாமா!”

கண்ணப்பன் திரும்பவில்லை. பீப்பாய்களுக்கு நடுவே, யாரும் பார்க்காத இடத்தில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

விலங்கு கழன்றதும் மரியஜோசப் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். கபீர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“மன்னிச்சுடுங்கண்ணே... அரவிந்த் பையில இருக்குன்னு அவங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?”

“யாருக்குத் தெரியும்? அந்தோனியார்தான் இன்ஸ்பெக்டர் காதுல ஏதோ சொல்லியிருக்காரு!”

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தோனியாருக்கு மரியஜோசப் ஆளுயர மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னார்.

அந்தோனியார் மறுப்பேதும் சொல்லவில்லை!